ஒரு மடக்கு காற்று: சூரைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கிற ஒரு மீன் குஞ்சைப் பத்தி. உங்க ஃபோன் சார்ஜர் ஓட்டைக்குள்ள ரெண்டு மூணு படுத்துக்கலாம், அவ்வளவுதான் சைஸ். ஆனா பிழைச்சு வளர்ந்துச்சுன்னா 3 மீட்டர் நீளம், 400 கிலோவுக்கு மேலகூட போகும். பேரு நீலத்துடுப்புச் சூரை. ஜப்பான்ல ஏலத்துல கோடிக்கணக்குல போச்சுன்னு வருஷம் பிறந்தா நியூஸ்ல வருமே, அதே மீன்தான்.

இந்த மீனைப் பண்ணையில வளர்க்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மத்தியதரைக் கடல்லயும் ஆஸ்திரேலியாவுலயும் பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, கடல்ல திரியுற மீனைப் பிடிச்சு, கூண்டுல போட்டு, தீனி கொடுத்துக் கொழுக்க வைக்கிறாங்க. இதுல கடல்ல இருக்கிற மீன் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். கோழிப் பண்ணை மாதிரி முட்டையில இருந்து ஆரம்பிச்சாத்தான் கடலுக்கு நிம்மதி. அப்போ ஏன் எல்லாரும் முட்டையில இருந்து ஆரம்பிக்கல? பதிலோட ஒரு பகுதி, அந்த 3 மில்லிமீட்டர் குஞ்சோட வயித்துக்கு மேல இருக்கிற ஒரு சின்னப் பையில இருக்கு.

கட்லா வயித்து பலூன்

நான் பண்ணைப்புரத்துக்காரன். இளையராஜா ஊருன்னா எல்லாருக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், கம்பம் பள்ளத்தாக்கு, சுத்தி திராட்சை, தென்னை, வாழை. கடலுக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம். எங்க வீட்டுல மீன்னா அணை மீன்தான். வைகை அணை கட்லா, ரோகு, ஜிலேபி. கடல் மீன் ஐஸ் பெட்டியில வண்டி ஏறி வரும்.

கட்லாவை அறுத்துச் சுத்தம் பண்றதைப் பார்த்திருக்கீங்களா? உள்ள வெள்ளையா, பளபளன்னு ஒரு பலூன் இருக்கும். சின்ன வயசுல அதைக் கீழ போட்டு காலால மிதிச்சு டப்புன்னு வெடிக்கிறதுக்காகவே நாங்க மீன் கழுவுற இடத்துல காத்துக்கிட்டு இருப்போம். அதுதான் காற்றுப்பை. கடற்கரைப் பக்கம் நெட்டின்னு சொல்லுவாங்க. கூறல் கத்தாழை மாதிரி மீன்ல இருக்கிற நெட்டிக்கு மீனைவிடவே விலை அதிகம், வெளிநாட்டுக்குப் போகுது.

இந்தப் பை எதுக்கு? மீனோட சதையும் எலும்பும் தண்ணியைவிட கனம். சும்மா இருந்தா முங்கிரும். உள்ள கொஞ்சம் காத்து இருந்தா அந்தக் கனம் சமன் ஆகும். கடல்மீனுக்கு உடம்போட கனஅளவுல சுமார் 5 சதவீதம் காற்றுப்பை இருந்தாப் போதும். நன்னீர் மீனுக்கு சுமார் 7 சதவீதம் வேணும், ஏன்னா உப்புத்தண்ணி கொஞ்சம் கூடுதலாத் தூக்கிக் கொடுக்கும். சமன் ஆகிட்டா மீன் துடுப்பை லேசா அசைச்சுக்கிட்டு ஒரே இடத்துல நிக்கலாம். மிச்சமாகிற சக்தி எல்லாம் வளர்ச்சிக்குப் போகும்.

சரி, அந்தப் பைக்குள்ள காத்து எப்படிப் போச்சு? இங்கதான் மீன்கள் ரெண்டு கட்சியாப் பிரியுது.

கட்லா, ரோகு, கெண்டை வகையெல்லாம் ஒரு கட்சி. தொண்டைக்குழல்ல இருந்து காற்றுப்பைக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். காத்து குறைஞ்சா மேல வந்து ஒரு மடக்கு குடிச்சுக்கலாம். அதிகமாயிட்டா ஏப்பம் விட்டுக்கலாம்.

கொடுவா, நீலத்துடுப்புச் சூரை மாதிரி மீன்கள் இன்னொரு கட்சி. வளர்ந்த மீனுக்கு அந்தக் குழாய் கிடையாது. பை மூடிய அறை. அதுக்குள்ள வாயுவை ரத்தம்தான் நிரப்பணும். பையோட சுவர்ல ஒரு சுரப்பி இருக்கு, அதைச் சுத்தி மயிரிழை ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலுக்கு லத்தீன்ல வச்ச பேருக்கு அர்த்தமே 'அதிசய வலை'. அங்க சுரக்கிற அமிலம் ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜனைப் பிரிச்சுப் பைக்குள்ள தள்ளும். அற்புதமான டிசைன். ஆனா குஞ்சுப் பருவத்துல இந்த சிஸ்டம் இன்னும் தயாராகலை.

அதனால இயற்கை ஒரு தற்காலிக ஏற்பாடு பண்ணிருக்கு. குஞ்சா இருக்கும்போது மட்டும், சில நாளைக்கு, அந்தக் குழாய் திறந்திருக்கும். அந்த நாட்களுக்குள்ள குஞ்சு தண்ணி மேல்மட்டத்துக்கு வந்து, மேல்பரப்பைக் கிழிச்சு, ஒரு மடக்கு காத்தை முழுங்கணும். அந்தக் குமிழி குடல் வழியாப் போய்ப் பைக்குள்ள இறங்கணும். அப்புறம் குழாய் மூடிரும். முழுங்கினது முழுங்கினதுதான். முழுங்காதது வாழ்நாள் முழுக்கக் காத்தில்லாத பையோட கிடக்கணும்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, சிஸ்டம் பூட் ஆகும்போது ஒரே ஒரு தடவை ஓடுற இனிஷியலைசேஷன் மாதிரி. அதுல ஃபெயில் ஆச்சுன்னா ரீஸ்டார்ட் பண்ண பட்டன் இல்ல. அதைவிட மோசம், எரர் மெசேஜும் வராது. குஞ்சு உயிரோடதான் இருக்கும், தீனி தின்னும், தொட்டியில சுத்தும். பிரச்சினை வெளிய தெரிய வாரக்கணக்காகும்.

எண்ணெய்ப் படலம்

கடல்ல இது பெரிய விஷயமே இல்ல. பண்ணைத் தொட்டியிலதான் சிக்கல். 3 மில்லிமீட்டர் உயிருக்குத் தண்ணியோட மேல்பரப்பு ஒரு ஜவ்வு மாதிரி. அது மேல எண்ணெய்ப் படலம் வேற இருந்தா காத்து கிடைக்காது. எண்ணெய் எங்க இருந்து வருதுன்னா, நாம ஆசையா ஊட்டுற சாப்பாட்டுல இருந்துதான்.

குஞ்சுக்கு முதல் சாப்பாடு ரோட்டிஃபர்ங்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி. அதுல சத்து பத்தாதுன்னு மீன் எண்ணெய்க் கலவையை அதுக்கு ஊட்டி, அதைக் குஞ்சுக்கு ஊட்டுவாங்க. அந்த எண்ணெய்ல மிச்சம், பொரிஞ்ச முட்டையில இருந்த எண்ணெய்த் துளி, செத்த குஞ்சுகள் அழுகி வர்ற கொழுப்பு எல்லாம் சேர்ந்து மேல மெல்லிசாப் படரும். ரசத்து மேல மிதக்குற நெய் மாதிரி. நமக்குக் கண்ணுல படாத அளவு மெல்லிசா இருந்தாலே போதும், குஞ்சால அதைத் தாண்ட முடியாது.

1980கள்ல மத்தியதரைக் கடல் நாடுகள்ல கடல்மீன் குஞ்சு பொரிப்பகங்கள் வளர்ந்தப்போ இதுதான் பெரிய தலைவலி. முதுகெலும்பு வளைஞ்ச மீன்கள் கொத்துக்கொத்தா வந்துச்சு. காரணத்தைத் தேடிப் போனா காற்றுப்பை காலி. காத்தில்லாத மீன் முங்காம இருக்கணும்னா தலையைத் தூக்கி, வாலை ஓயாம அடிச்சு நீந்திக்கிட்டே இருக்கணும். வளர்ற வயசுல ராப்பகலா அப்படி நீந்தினா முதுகு வளையத்தானே செய்யும்? வளர்ச்சியும் பின்தங்கும், கொஞ்சம் ஆக்சிஜன் குறைஞ்சாலும் முதல்ல சாகிறது அதுங்கதான்.

தீர்வு ரொம்ப எளிமை. தண்ணி மேல ஒரு மிதக்கிற சட்டம். ஒரு குழாய்ல இருந்து மெல்லிசாக் காத்தைத் தண்ணி மேல படுக்கையா ஊதுவாங்க. படலம் நகர்ந்து போய் அந்தச் சட்டத்துக்குள்ள மாட்டும். அதை அள்ளி வெளிய ஊத்த வேண்டியதுதான். பாயசத்து மேல ஆடை படிஞ்சா ஊதி ஒதுக்குறோமே, அதேதான். பல வருஷம் ஆட்டிவச்ச பிரச்சினைக்குப் பெரிய திருப்பம் கொடுத்தது இந்தச் சின்னக் கருவி.

32 வருஷம்

இப்போ சூரைக்கு வருவோம். ஜப்பான்ல கிண்டாய் பல்கலைக்கழகம் 1970ல நீலத்துடுப்புச் சூரை ஆராய்ச்சியைத் தொடங்குச்சு. கூண்டுல வளர்த்த மீன் முதன்முதலா முட்டை போட்டது 1979ல. பொரிஞ்ச குஞ்சுகள் எல்லாம் சில வாரத்துல செத்துப்போச்சு. அப்புறம் 1983ல இருந்து 1993 வரைக்கும் 11 வருஷம் மீன் முட்டையே போடலை. 1994ல மறுபடி போட்டுச்சு. பண்ணையில பிறந்த மீன் வளர்ந்து, அது முட்டையிட்டு, வட்டம் முழுமையானது 2002ல. மொத்தம் 32 வருஷம். நாம ரெண்டு ஸ்பிரின்ட் தள்ளிப்போனாலே மேனேஜர் கூப்பிட்டுப் பேசுறார்.

இந்த மீனோட குஞ்சுகள் சாகிறதுக்கு முதல் 10 நாள்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மேல ஒட்டிச் சாகிறது. பொரிஞ்ச புதுசுல குஞ்சு மேல மிதந்து வந்து, அந்த ஜவ்வுல மாட்டி, திரும்ப உள்ள போக முடியாம செத்துரும். இன்னொண்ணு கீழ முங்கிச் சாகிறது. ராத்திரி இருட்டானா குஞ்சு நீந்துறதைக் குறைச்சிரும். நாள் ஆக ஆக அதோட உடம்பு கடல்தண்ணியைவிட கனமாகும். காற்றுப்பையில காத்து இல்லேன்னா மெதுவா இறங்கித் தொட்டி அடியில போய் விழும். காலையில பார்த்தா அடியில வெள்ளையா ஒரு அடுக்கு.

முதல் சாவைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தண்ணி மேல லேசா எண்ணெய் விட்டா அந்த ஜவ்வுத்தன்மை குறையும், குஞ்சு ஒட்டாது. ஆனா பொரிச்ச மூணாவது நாள் வாக்குல குஞ்சு காத்து குடிக்க மேல வரணுமே! அப்போ அதே எண்ணெய் தடையா நிக்குது. முதல் ரெண்டு நாள் உயிரைக் காப்பாத்துன படலமே, மூணாவது நாள்ல இருந்து உயிரை எடுக்குது.

அதனால பண்ணைக்காரங்களுக்கு எல்லாமே டைமிங். முதல்ல படலம் இருக்கணும், அப்புறம் சரியான நேரத்துல சுத்தமா எடுத்துரணும். ராத்திரியில அடியில இருந்து காத்தையும் தண்ணியையும் மேல தள்ளி, குஞ்சு அடியில போய் விழாம தாங்கிப் பிடிக்கணும். ரொம்ப வேகமாத் தள்ளினா குஞ்சு அடிபடும். ஒரு வேரியபிளை மாத்தினா இன்னொண்ணு இடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ல வேலை பார்க்கிறவங்க இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவீங்க.

இத்தனையும் தாண்டின குஞ்சு வேகமா வளரும். ரெண்டு வாரத்துல அதுக்கு ரோட்டிஃபர் பத்தாது, மத்த மீனோட குஞ்சுகளைக் கேட்கும். கொடுக்கலைன்னா பக்கத்துல இருக்கிற தம்பியைத் தின்னும். ஒரு மாசத்துல 5 சென்டிமீட்டர் வாக்குல வந்துரும், கடல் கூண்டுக்கு மாத்தலாம். முட்டையில ஆரம்பிச்சு அந்த நாள் வரைக்கும் வர்றது நூத்துக்குச் சிலதுதான்.

எல்லாச் சூரைக்கும் இந்தக் கதை கிடையாது. நம்ம கடற்கரையில சாதாரணமாக் கிடைக்கிற சூரைக்கும், லட்சத்தீவுல மாசி போடுற வரிச்சூரைக்கும் காற்றுப்பையே இல்ல. நிக்காம நீந்துறதுதான் அதுங்க வாழ்க்கை. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010ல முதல்முறையா இனப்பெருக்கம் செஞ்ச கடல் விரால் இருக்கு பாருங்க, வளர்ந்த கடல் விராலுக்கும் காற்றுப்பை கிடையாது.

முட்டுக்காட்டுல இருந்து குட்டைக்கு

நம்ம பக்கத்துல இந்த ஒரு மடக்குப் பிரச்சினை நேரா வர்ற மீன் கொடுவா. சென்னை நண்பர்களுக்கு முட்டுக்காடுன்னா போட்டிங். அங்கதான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1997ல இந்தியாவுல முதல்முறையா கொடுவாவைப் பண்ணைச் சூழல்ல இனப்பெருக்கம் செஞ்சு குஞ்சு எடுத்தது அவங்கதான். கொடுவா உப்புத்தண்ணியில பொரிஞ்சாலும் நல்ல தண்ணியிலயும் வளரும். அதனால கடலைப் பார்க்காத ஊர்ல கூட கொடுவாக் குஞ்சு வாங்குற ஆளு இருக்கு.

அதுல ஒருத்தர் எங்க சித்தப்பா. சொட்டுநீருக்காக வெட்டின பண்ணைக்குட்டை ஒண்ணு தோட்டத்துல இருக்கு. ரெண்டு வருஷமா திராட்சை விலை சரியில்ல. ஒரு வியாபாரி வந்து, "கொடுவா விடுங்க, நல்ல விலை"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். சித்தப்பா நகைக்கடன் வாங்குற யோசனையில இருந்தார். ஃபோன் பண்ணி, "ஏப்பா, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு, இந்த மீனு நம்ம தண்ணிக்கு ஆகுமா?"ன்னு கேட்டார்.

"தண்ணிக்கு ஆகும் சித்தப்பா, குஞ்சு எப்படிப்பட்டதுன்னு கேட்டீங்களா?"ன்னேன்.

"குஞ்சுன்னா குஞ்சுதானேப்பா. இதுல என்ன சாதி, மதம்?"

நான் இந்தக் காத்து குடிக்கிற கதையைச் சொன்னேன். அரைமணி நேரம் பொறுமையாக் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அது பொறந்த வாரத்துல நடந்ததுக்கு, நான் ஆறு மாசம் தீனி போட்டு அழுகணும். அதானே?" இதைவிடச் சுருக்கமா என்னால சொல்ல முடியாது.

நீங்களோ உங்க வீட்டுலயோ கொடுவாக் குஞ்சு வாங்குறதா இருந்தா, நான் அவருக்குச் சொன்னது இதுதான்.

முதல்ல, குஞ்சு நீந்துறதைப் பாருங்க. தண்ணியை அசைக்காம கொஞ்ச நேரம் நில்லுங்க. நல்ல குஞ்சு கிடைமட்டமா, அமைதியா நிக்கும். தலை மேல, வால் கீழன்னு சாய்ஞ்சு, வாலை விடாம அடிச்சுக்கிட்டு இருந்தா சந்தேகப்படுங்க.

ரெண்டாவது, ஒரு கிண்ணத்துல எடுத்துப் பக்கவாட்டுல பாருங்க. முதுகு உள்வாங்கி வளைஞ்சிருக்கான்னு பாருங்க. ரொம்பச் சின்னதுல இது தெரியாது. அதனால கொஞ்சம் வளர்ந்த, சைஸ் பிரிச்ச குஞ்சா வாங்குறது நல்லது. விலை கூடத்தான். ஆனா கொடுவா ஒண்ணை ஒண்ணு தின்னுற மீன், சைஸ் பிரிக்காம விட்டா பெருசு சிறுசை முழுங்கிரும். ரெண்டுக்கும் சேர்த்தே அந்தக் காசு.

மூணாவது, குஞ்சு பொரிச்ச இடத்துல கேளுங்க: "நூத்துல எத்தனை குஞ்சுக்குக் காற்றுப்பை நிரம்பியிருக்கு?" இதைச் சோதிக்க வழி இருக்கு. குஞ்சா இருக்கும்போது உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், மைக்ராஸ்கோப்ல பார்த்தா குடலுக்கு மேல குமிழி மின்னும். வளர்ந்த குஞ்சுக்கு, ஐரோப்பாவுல மயக்க மருந்து கொடுத்து, உப்பு கூட்டின தண்ணியில விடுவாங்க. காத்து இருக்கிறது மிதக்கும், இல்லாதது முங்கும். முங்கினதைக் கழிச்சுருவாங்க. நல்லாப் பண்ற பொரிப்பகத்துக்கு இந்தக் கேள்வி புதுசா இருக்காது.

சித்தப்பா அந்த வியாபாரிகிட்ட மூணாவது கேள்வியைக் கேட்டிருக்கார். அவர், "அண்ணே, மீனுக்கு காத்தடிக்க இது என்ன சைக்கிள் டியூப்பா?"ன்னு சிரிச்சிருக்கார். சித்தப்பாவும் சிரிச்சுட்டு, "அப்ப அந்த டியூப்பைப் பத்தித் தெரிஞ்சவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, அங்கயே வாங்கிக்கிறேன்"ன்னு அனுப்பிட்டார். இந்த வருஷம் குட்டையில கட்லாவும் ரோகுவும்தான் விட்டிருக்கார். அதுங்களுக்குக் குழாய் எப்பவும் திறந்திருக்கு, வைகை அணைப் பக்கமே குஞ்சு கிடைக்குது, தீனிச் செலவும் கம்மி. கொடுவாவை அடுத்த வருஷம் கொஞ்சமா விட்டுப் பார்க்கலாம்னு வச்சிருக்கார். நகை வீட்டுலயே இருக்கு.

யாரு கணக்குல எழுதுறது?

எனக்கு இதுல உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு குட்டையில மீன் வளரலைன்னா நாம யாரைச் சொல்றோம்? வளர்த்தவரை. தீனி சரியாப் போடலை, தண்ணி மாத்தலை, அனுபவம் பத்தலைன்னு. ஆனா அந்த மீனோட கதை அவர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, எங்கேயோ ஒரு தொட்டியில, யாரோ ஒருத்தர் மேல படிஞ்ச படலத்தை எடுக்காம விட்ட சில நாள்ல முடிஞ்சிருக்கலாம். நஷ்டம் மட்டும் ஆறு மாசம் கழிச்சு, இவர் கணக்குல எழுதப்படுது.

விதை வாங்கும்போது முளைப்புத் திறன் எத்தனை சதவீதம்னு பாக்கெட்ல போட்டிருக்கணும்னு சட்டம் இருக்கு. எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட கடைக்காரர்கிட்ட அதைப் படிக்கச் சொல்லித்தான் வாங்கும். மீன் குஞ்சு வாங்குறவங்களும் அதே மாதிரி அந்த நம்பரைக் கேட்க ஆரம்பிச்சா, அதைச் சொல்ல முடிஞ்ச பொரிப்பகம் நிக்கும், மத்தது மாறும். கேட்கிறதுக்குக் காசு செலவில்ல.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ல யாராவது பண்ணைக்குட்டையில மீன் விட யோசிச்சுக்கிட்டு இருந்தா இந்த எபிசோடை அனுப்பி விடுங்க, இல்லேன்னா அந்த மூணு கேள்வியை மட்டும் வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க. அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம். வரட்டுமா?